880 கிராம் குழந்தையும் இங்கிலாந்துக் கடிதமும்

இரவு மணி 2.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. ஊரே உறங்குகிறது. இரண்டாவது மாடியில் மட்டும் விளக்கு அணையவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வரிசையாகப் படுக்கைகள். படுக்கை என்றால் ஆள் படுக்கும் கட்டில் அல்ல. கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவுதான் இருக்கும். மேலே இருந்து இதமாகச் சூடு இறங்குகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை.

அவற்றில் ஒரு குழந்தையின் எடை 880 கிராம். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதைவிடக் குறைவு!

திடீரென்று மானிட்டர் கத்தியது. குழந்தையின் மூச்சு நின்று விட்டது.

நர்சு பதறவில்லை. ஒரு எட்டு எடுத்து வைத்தார். குழந்தையின் உள்ளங்காலை விரலால் மெல்லச் சுண்டினார். அவ்வளவுதான்.

குழந்தை நெளிந்தது. மார்புக்கூடு ஏறி இறங்கியது. மூச்சு வந்து விட்டது!

நர்சு பேனாவை எடுத்தார். "2 மணி 10 நிமிடம். 20 விநாடி மூச்சு இல்லை. காலைச் சுண்டியதும் திரும்பியது" என்று எழுதினார். அந்த இரவில் அது 4-வது தடவை.

அவருடைய கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. கம்ப்யூட்டரில் வந்த கடிதம். பக்கத்துக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் எடுத்து வைத்திருந்தார். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து வந்தது. "வேலை தயார். வருகிறீர்களா?" என்று கேட்டது.

யார் இவர்?

பெயர் வேண்டாம். வார்டில் எல்லோரும் "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது 32. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம் பக்கம். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்சு என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை! நர்சிங் படித்து விட்டு மதுரைக்கு வந்தவர், இந்த வார்டில் 8 வருடம் வேலை பார்த்து விட்டார்.

கணவர் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒரு பெண் குழந்தை. ஒன்றாம் வகுப்பு. வீட்டில் மாமியார் இருக்கிறார். நைட் டியூட்டி நாட்களில் பேத்திக்குத் தலை பின்னி விடுவதும், கதை சொல்லித் தூங்க வைப்பதும் அந்த மாமியார்தான். அவர் இல்லாவிட்டால் இந்த நர்சு இத்தனை வருடம் வேலை பார்த்திருக்க முடியாது.

வேலையின் பெயர்: பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்சு. சுருக்கமாகச் சொன்னால், தாயின் வயிறு பாதியில் விட்ட வேலையைத் தொடர்ந்து செய்யும் வேலை.

பாதியில் வந்த பிள்ளை

குழந்தை வயிற்றில் இருக்க வேண்டியது சுமார் 40 வாரம். 37 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் குறை மாதக் குழந்தை. இந்த 880 கிராம் குழந்தை பிறந்தது 27-வது வாரத்தில்.

தாய்க்கு வயது 22. ஊர் உசிலம்பட்டி அருகே. கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு ஏறியது. முகமும் காலும் வீங்கின. இன்னும் காத்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்ற நிலை. டாக்டர்கள் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள்.

எடுத்ததும் என்ன செய்வார்கள் தெரியுமா? துடைப்பதுகூட இல்லை. ஈரத்தோடு கழுத்து வரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து விடுவார்கள்! பார்க்கிற பாட்டிமாருக்கு நெஞ்சு பதறும். ஆனால் காரணம் இருக்கிறது. அவ்வளவு சின்ன உடம்பில் கொழுப்பு இல்லை. தோல் வெங்காயச் சருகு போல இருக்கும். ஈரம் ஆறும்போது உடம்புச் சூட்டையும் கொண்டு போய்விடும். சூடு 36.5 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, 37.5-க்கு மேலே ஏறவும் கூடாது. அந்த ஒரு டிகிரிக்குள்தான் உயிர் ஊசலாடுகிறது.

உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தம் எவ்வளவு? சுமார் 75 மில்லி. ஒரு சின்னக் காபித் தம்ளர் அளவு. பரிசோதனைக்கு ஒரு மில்லி எடுத்தாலும் அது பெரிய தொகை. ஆகையால் எடுத்த ஒவ்வொரு துளியையும் நர்சு கணக்கு எழுதுகிறார்.

முதல் மூன்று நாள் ஆபத்தான நாட்கள். மூளைக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் நூலை விட மெலிந்தவை. குழந்தையை வேகமாகப் புரட்டினால்கூட ரத்தம் கசியலாம். அதனால் தொடுவதையே குறைத்துக் கொள்கிறார்கள். எடை பார்ப்பது, துணி மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்து விட்டு, பிறகு தொடாமல் விட்டு விடுகிறார்கள். விளக்கைக்கூடத் துணி போட்டு மறைக்கிறார்கள்.

பால் எவ்வளவு? இரண்டு மணிக்கு ஒரு தடவை 1 மில்லி! தாய் பீச்சிக் கொடுத்த பாலை, வாய் வழியாக வயிறு வரை போகும் மெல்லிய டியூபில் விடுகிறார்கள். உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விட வேண்டும் அல்லவா? அந்த மூன்றையும் சேர்த்துச் செய்ய 34-வது வாரம் வரை குழந்தைக்குத் தெரியாது. அதற்கு முன்னால் கொஞ்சம் தேறிய குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவார்கள். நம் வீட்டுப் பாட்டி வைத்திருந்த அதே பாலாடைதான். எத்தனை மிஷின் வந்தாலும் பாலாடை இன்னும் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை.

மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் அதையும் அள்ளிக் கொடுக்கக் கூடாது. 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் அப்படி அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல குழந்தைகள் உயிர் பிழைத்தன, ஆனால் கண் போய் விட்டது. காரணம் தெரியாமல் டாக்டர்கள் திகைத்தார்கள். 1951-இல் மெல்போர்ன் நகரின் பெண் டாக்டர் கேட் கேம்பல், அளவுக்கு மீறிய ஆக்சிஜன் மேல் சந்தேகம் சொன்னார். அது உண்மை என்று பின்னால் தெரிந்தது. புகழ் பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-இல் குறை மாதத்தில் பிறந்தவர். அவர் பார்வை போனது இப்படித்தான்.

ஆகவே நர்சு மானிட்டரில் எண்ணைப் பார்த்துக் கொண்டே இருக்கிறார். 90-க்குக் குறைந்தால் மூளைக்கும் உயிருக்கும் ஆபத்து. 95-ஐத் தாண்டினால் கண்ணுக்கு ஆபத்து. ராத்திரி முழுவதும் அந்த எண்ணோடுதான் அவருக்குப் பேச்சு.

ஜனாதிபதியின் பிள்ளை

பணமும் அதிகாரமும் இருந்தால் போதுமா? ஒரு கதை சொல்ல வேண்டும்.

1963 ஆகஸ்டு 7. அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தது. எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பாட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த கொஞ்ச நேரத்தில் மூச்சுத் திணறல். பெரிய பெரிய டாக்டர்கள் வந்தார்கள். பாஸ்டன் நகருக்குக் கொண்டு போனார்கள். 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. உலகத்தில் பெரிய நாட்டின் தலைவரால் தன் பிள்ளைக்கு ஒரு மூச்சு வாங்கித் தர முடியவில்லை.

நுரையீரலுக்குள் இருக்கும் சிறு சிறு காற்றுப் பைகள் ஒட்டிக் கொள்ளாமல் இருக்க ஒரு வழுவழுப்பான பொருள் வேண்டும். அதற்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். குறை மாதக் குழந்தைக்கு அது போதிய அளவு சுரப்பதில்லை. இதை 1959-இல் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால் அதை மருந்தாகக் கொடுக்க அப்போது வழி தெரியவில்லை. 1980-இல் ஜப்பான் டாக்டர் பூஜிவாரா, மாட்டின் நுரையீரலில் இருந்து அதை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து, குணம் கண்டதாக அறிவித்தார்.

ஜனாதிபதியின் பிள்ளைக்குக் கிடைக்காத மருந்து, இன்று உசிலம்பட்டிக் குழந்தைக்குக் கிடைத்தது. அதுவும் 880 கிராம் குழந்தைக்கு!

வெயிலைக் கவனித்த நர்சு

பச்சைக் குழந்தைகளைக் காப்பாற்றிய எல்லாவற்றையும் டாக்டர்களே கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம்.

1956-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் ராக்ஃபோர்டு ஆஸ்பத்திரி. குறை மாதக் குழந்தைகள் வார்டுக்கு வார்டு என்ற சிஸ்டர் பொறுப்பு. (அவர் பெயரே வார்டு! ஜீன் வார்டு.) வெயிலும் நல்ல காற்றும் குழந்தைக்கு நல்லது என்பது அவர் எண்ணம். நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டு போவார்.

ஒரு நாள் டாக்டர்கள் வார்டைச் சுற்றி வந்தார்கள். சிஸ்டர் தயங்கித் தயங்கி ஒரு குழந்தையைக் காட்டினார். குழந்தையின் உடம்பெல்லாம் வெளுப்பு. ஒரு முக்கோணம் மட்டும் நல்ல மஞ்சள். துணியின் ஓரம் மூடி இருந்த இடம் அது. வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் காமாலை குறைந்திருந்தது, படாத இடத்தில் அப்படியே இருந்தது!

பிறகு, காமாலைக் குழந்தையின் ரத்தம் இருந்த ஒரு டியூப் ஜன்னல் ஓரம் வெயிலில் கிடந்தது. அதைப் பரிசோதித்தபோது மஞ்சள் அளவு குறைந்திருந்தது. டாக்டர் கிரெமரும் அவர் கூட்டாளிகளும் ஆராய்ந்து 1958-இல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளை நீல விளக்குக்குக் கீழே படுக்க வைப்பது அதனால்தான். (அதற்காக வீட்டில் வெயிலில் காட்டினால் போதும் என்று இருந்து விடக் கூடாது. காமாலை ஏறினால் மூளையைக் கெடுக்கும். டாக்டரிடம் காட்டி அளந்து பார்த்தே ஆக வேண்டும்.)

மதுரை நர்சு பயிற்சியில் இருந்தபோது இந்தக் கதையைக் கேட்டார். இங்கிலாந்தைப் பற்றி அவர் மனதில் முதலில் பதிந்த செய்தி அதுதான்.

கணக்கு உதைக்கிறது

இவ்வளவு வேலைக்குச் சம்பளம் என்ன? எல்லாம் போகக் கையில் வருவது 19,000 ரூபாய். வீட்டு வாடகை 7,000. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு. ஊரில் தம்பி படிப்புக்கு வாங்கிய கடன். கணவரின் கடை மழைக்காலத்தில் சும்மா இருக்கும்.

இவர் ஒருவர் கதை மட்டும் அல்ல இது. தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் குறையைக் கேட்டு, 2016-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கமிட்டி அமைக்கச் சொன்னது. 200 படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரியில் அரசாங்க நர்சுக்குச் சமமான சம்பளம் வேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்த சிறிய ஆஸ்பத்திரியில்கூட மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று கமிட்டி சிபாரிசு செய்தது. சிபாரிசு காகிதத்தில் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு 2015-இல் ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளுக்கோ அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். வேலையை நிரந்தரம் ஆக்கக் கோரி 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள்.

சம்பளத்தைவிட இன்னொன்று அவரை வாட்டுகிறது. இரவில் ஒரு நர்சுக்கு நான்கு குழந்தை, சில நாள் ஐந்து. ஒரு குழந்தைக்கு மூச்சு நின்ற அதே நேரத்தில் இன்னொரு குழந்தைக்கும் நின்றால்? "எனக்கு இரண்டு கைதானே இருக்கு!" என்று ஒரு நாள் கணவரிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

இங்கிலாந்தில் டாக்டர்கள் சங்கம் வகுத்த அளவு வேறு. மிகவும் மோசமான நிலையில் உள்ள குழந்தை என்றால் ஒரு குழந்தைக்கு ஒரு நர்சு. அடுத்த நிலை என்றால் இரண்டு குழந்தைக்கு ஒரு நர்சு. தேறி வரும் குழந்தைகள் என்றால் நான்குக்கு ஒருவர். அங்கேயும் எல்லா நாளும் அந்த அளவுக்கு நர்சுகள் கிடைப்பது இல்லைதான். ஆனாலும் அளவு என்று ஒன்று இருக்கிறது. ஆள் குறைந்தால் குறைந்தது என்று எழுதிக் கேட்கலாம். இந்த ஒரு விஷயம்தான் அவரை முதலில் இழுத்தது என்று சொன்னால், சம்பளத்துக்காகப் போகிறார்கள் என்று பேசுகிறவர்கள் நம்பமாட்டார்கள்.

எத்தனை பரீட்சை!

நினைத்தவுடன் ஏற முடியாது ஆகாய விமானத்தில்.

முதலில் ஆங்கிலப் பரீட்சை. ஐ.இ.எல்.டி.எஸ். என்று பெயர். படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7 மார்க்கு வேண்டும். எழுதுவதில் 6.5. நம் நர்சுக்கு முதல் தடவை எழுத்தில் 6 வந்தது. நைட் டியூட்டி முடிந்து, காலை பஸ்ஸில் உட்கார்ந்து புத்தகம் படித்தார். இரண்டாம் தடவை கிடைத்து விட்டது.

அடுத்தது நர்சு வேலை பற்றிய கம்ப்யூட்டர் பரீட்சை. இதை இந்தியாவிலேயே எழுதலாம். அதன் பிறகு சான்றிதழ்கள். நர்சுகள் கவுன்சிலில் இருந்து ஒரு கடிதம். பாஸ்போர்ட் ஆபீசில் இருந்து போலீஸ் சான்று. காச நோய் இல்லை என்று ஒரு சான்று. பழைய ஆஸ்பத்திரி அனுபவச் சான்று தர இழுத்தடித்தது தனிக் கதை. நான்கு தடவை நடந்தார்.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்த பிறகு இன்னும் ஒரு பரீட்சை உண்டு. செய்து காட்டும் பரீட்சை. அதில் தேறினால்தான் பதிவு நர்சு.

அங்கே போனதும் 8 வருட அனுபவத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்களா? மாட்டார்கள். முதல் படிக்கட்டில்தான் நிற்க வேண்டும். பச்சிளங் குழந்தை வார்டுக்கு என்று அங்கே தனிப் படிப்பு இருக்கிறது. அதைப் படித்துத் தேறிய பிறகுதான் மோசமான நிலையில் உள்ள குழந்தையைத் தனிப் பொறுப்பில் கொடுப்பார்கள். மதுரையில் புது நர்சுகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர், அங்கே போய் மறுபடியும் மாணவி!

இன்னும் ஒரு சிக்கல். கைப்பையில் இருந்த அந்த முதல் கடிதத்தை நிதானமாகப் படித்தபோதுதான் தெரிந்தது. வேலை பெரியவர்கள் வார்டில்! குழந்தை வார்டு என்று எங்கும் இல்லை. பலர் இதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு விட்டு, அங்கே போய்க் கையைப் பிசைகிறார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. "எனக்குத் தெரிந்தது பச்சைக் குழந்தை வேலை. அந்த வார்டு என்றால் வருகிறேன்" என்று பதில் எழுதினார். இனி கடிதம் வராது என்றே நினைத்தார்.

ஏமாந்தவர்கள் உண்டு

அவருக்குக் கடிதம் வாங்கித் தந்தவர்கள் பணம் கேட்கவில்லை. இங்கிலாந்து விதிப்படி, நர்சிடம் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது. கேட்டால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

குவைத் வேலைக்கு ஆள் எடுத்த ஒரு ஏஜெண்டு, கேரள நர்சுகளிடம் ஆளுக்குப் பல லட்சம் வாங்கியதாக 2015-இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. சட்டப்படி வாங்க வேண்டியது 19,500 ரூபாய்தான்! அதே ஆண்டில் இந்திய அரசாங்கம், வளைகுடா முதலான நாடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் வேலையை அரசு நிறுவனங்களிடம் விட்டது. தமிழ்நாட்டிலும் 1978 முதல் அரசாங்கத்தின் அயல்நாட்டு வேலை நிறுவனம் ஒன்று இருக்கிறது. பக்கத்துத் தெரு ஏஜெண்டைத் தேடும் முன் அங்கே கேட்பது நல்லது.

2014-இல் இராக் நாட்டில் சண்டை மூண்டபோது, திக்ரித் நகர ஆஸ்பத்திரியில் 46 இந்திய நர்சுகள் சிக்கிக் கொண்டார்கள். ஜூலை 5-ந் தேதி கொச்சி விமான நிலையத்தில் அவர்கள் வந்து இறங்கியபோது, அழாத தாய் இல்லை. கடன் பட்டுப் போனவர்கள் பலர். கடன் அப்படியே இருந்தது.

கங்காருத் தாய்

இதற்குள் 880 கிராம் குழந்தை 1 கிலோவைத் தாண்டியது. மூக்கில் இருந்த காற்றுக் குழாய் போய், வெறும் மெல்லிய ஆக்சிஜன் டியூப் வந்தது. கண் டாக்டர் வந்து விளக்குப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். "பயம் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம்" என்றார்.

தாயைக் கூப்பிட்டு, குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாக வைத்துத் துணியால் கட்டி விட்டார் நர்சு. தாய் நடுங்கினாள். "சிஸ்டர், கீழே விழுந்துடுமா?" என்றாள்.

"விழாதும்மா. இது கங்காரு குட்டியைப் பையில் வச்சிருக்கிற மாதிரி."

இந்த முறை பிறந்த இடம் தென் அமெரிக்காவில் கொலம்பியா நாடு. 1978-இல் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பெட்டி போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றின் நோய் இன்னொன்றுக்குத் தொற்றியது. டாக்டர் எட்கர் ரே, "பெட்டி இல்லாவிட்டால் என்ன, தாய் இருக்கிறாளே!" என்று இந்த வழியைக் கொண்டு வந்தார். இல்லாமையில் பிறந்த வைத்தியம். இன்று பணக்கார நாடுகளும் இதைச் செய்கின்றன. ஒரு நாளில் 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைத்திருக்கும்படி, 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

மானிட்டரில் எண் 93. ஒரு மணி நேரம் அப்படியே நின்றது. தாய் கண்ணை மூடித் தூங்கிப் போனாள். 40 நாளில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.

வீட்டில் பேச்சு

49-வது நாள், இரண்டாவது கடிதம் வந்தது. பச்சிளங் குழந்தைகள் வார்டில் இடம் உண்டு! மூன்று வாரத்துக்குள் பதில் வேண்டும்.

அன்று இரவு மூவரும் உட்கார்ந்தார்கள். பிள்ளை தூங்கி விட்டது.

"நீ போ. நான் கடையைப் பார்த்துக்கிறேன். ஆறு மாசத்தில் நானும் பிள்ளையும் வந்துடறோம்" என்றார் கணவர். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே போய் அவர் என்ன வேலை செய்வார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

"அப்ப மாமி?" என்றார் நர்சு.

மாமியார் வெற்றிலையை மடித்துக் கொண்டே சொன்னார்: "எனக்காக நீ நிக்கண்டாம், மக்களே. நான் ஊருக்குப் போயிருவேன். ஆனா பிள்ளைய விட்டுட்டு ஒரு நாள் இருக்க முடியுமான்னு உன்ன நீயே கேட்டுக்கோ."

நர்சுக்குப் பதில் வரவில்லை. அங்கே டிசம்பர் மாதத்தில் மாலை 4 மணிக்கே இருட்டி விடும் என்று, முன்னால் போன தோழி போனில் சொல்லி இருந்தாள். அந்த இருட்டில் தனியாக அறைக்குத் திரும்பும்போது, மதுரையில் மகளுக்குத் தூங்கும் நேரம் தாண்டி இருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினார். இரண்டு வருடத்தில் அந்த வார்டில் இருந்து போனவர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் வளைகுடா, ஒருவர் ஜெர்மனி, இரண்டு பேர் இங்கிலாந்து. "புதுசா வர்ற பெண்ணுக்கு வென்டிலேட்டர் குழந்தையைத் தனியா விட ஆறு மாசம் பழக்கணும். பழக்கி முடிச்சதும் அவளும் பாஸ்போர்ட் எடுத்துடுவா" என்றார். பிறகு, "உன் இடத்தில் என் மகள் இருந்தா, போகாதேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நர்சுக்கு முடிவு எடுப்பது எளிதாக இருந்திருக்கும்.

வார்டில் அப்போது இரண்டு புது நர்சுகள் இருந்தார்கள். ஒருத்திக்கு ஊசிக் குழாய் போடக் கை வரும், மானிட்டர் கத்தினால் பயந்து விடுவாள். இன்னொருத்திக்குப் பயம் இல்லை, அதுதான் அவளிடம் குறை. இரண்டு பேரையும் அன்று முதல் தன் ஷிப்டிலேயே போடச் சொன்னார் நர்சு. இரவில் மூச்சு நின்றால் தான் ஓடுவதில்லை. அவர்களைச் சுண்டச் சொல்லி விட்டு, கை எட்டும் தூரத்தில் நின்று கொண்டார். "முதல்ல பிள்ளையைப் பாரு. அப்புறம் மிஷினைப் பாரு" என்று சொல்லிச் சொல்லி அவர் தொண்டை கட்டியது.

கடைசி வாரத்தில் இங்கிலாந்துக்குப் பதில் எழுதினார். வருகிறேன் என்று எழுதினார். ஆனால் உடனே இல்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிய வேண்டும், இங்கே இரண்டு பேரைப் பழக்கி முடிக்க வேண்டும், நான்கு மாதம் தவணை வேண்டும் என்று கேட்டார். தராவிட்டால்? "தராட்டா வேற யாராவது போகட்டும்" என்று கணவரிடம் சொன்னார். இரண்டு நாளில் பதில் வந்தது. மூன்று மாதம் தருகிறோம் என்றார்கள். அதற்குச் சரி என்று எழுதி விட்டார்.

66-வது நாள்

குழந்தையின் எடை 1,710 கிராம். டியூப் இல்லை. பாலாடை போய், தாயிடமே குடிக்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் குடும்பம் ஓரளவு தாக்குப் பிடித்தது. மீதிக்குத் தகப்பன் மினி லாரிக்குப் பூட்டிய புது டயரைக் கழற்றி விற்றான்.

66 நாளாக வராந்தாவில் பாய் போட்டுக் கிடந்த பாட்டி உள்ளே வந்தாள். சோப்புப் போட்டு முழங்கை வரை இரண்டு தடவை கை கழுவ வைத்தார்கள். பேரனை வாங்கிக் கொண்டாள். பிறகு நர்சின் கையைப் பிடித்துக் கொண்டாள்.

"தாயி, நீ சீமைக்குப் போறியாமே? அந்தச் சின்னப் பொண்ணு சொல்லுச்சு."

"ஆமா பாட்டி. மூணு மாசம் கழிச்சு."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அங்கேயும் பிள்ளைங்க இப்படிப் பாதியில பொறக்குமா?"

"பொறக்கும் பாட்டி."

"அப்பச் சரி. போயிட்டு வா" என்றாள்.

அவர்கள் படி இறங்கியதும் அந்தப் படுக்கையை மருந்து போட்டுத் துடைத்தார்கள். புதுத் துணி விரித்துச் சூடு வைத்தார்கள். மாலை 4 மணிக்குக் கீழே இருந்து போன் வந்தது. 30 வாரக் குழந்தை, 1,120 கிராம். மானிட்டருக்குப் பயப்படும் அந்தச் சின்ன நர்சு, சொல்லாமலே பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொண்டு பிரசவ அறைக்கு ஓடினாள். சிஸ்டர் அவளுக்குப் பின்னால் நடந்தார்.